எண்ணெய் ஊற்றும் வேலை இளப்பமான வேலையா?



இம்முறை வந்த கடிதங்களில் ஒன்று என் மனத்தைத் தைத்துவிட்டது. பேராக் மாநிலத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு தாயார் எழுதியிருக்கிறார். அவருடைய மூத்த மகன் ஐந்தாம் படிவம் முடித்துவிட்டுத் தோட்டத்துச் செம்பனை எண்ணெய் ஆலையில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறான். இயந்திரங்களுக்கு எண்ணெய் விடுவதும் கிரீஸ் வைப்பதும்தான் வேலை. போன மாதம் ஒரு கல்யாண வீட்டில் உறவினர் ஒருவர், "எண்ணெய் ஊத்துறதுக்கா இவ்வளவு படிக்க வெச்சீங்க?" என்று நாலு பேர் முன்னிலையில் கேட்டுச் சிரித்தாராம். அன்றிலிருந்து பையன் சரியாகச் சாப்பிடுவதில்லை. மாதக் கடைசியில் வேலையை விட்டுவிடப் போகிறேன் என்கிறானாம். "அவனுக்கு நான் என்ன சொல்லட்டும்?" என்று அந்தத் தாயார் கேட்டிருக்கிறார்.

அம்மா, உங்களுக்கு நான் எழுதும் பதிலை எல்லா வாசகர்களும் படிக்கட்டும். நம் வீடுகள் பலவற்றில் இதே பேச்சு நடப்பதுண்டு. முதலில் என் கதையைச் சொல்லிவிடுகிறேன். அது பெருமைப்படும்படியான கதையன்று.

எனக்கு அப்போது இருபது வயதிருக்கும். ஒரு செம்பனை ஆலையில் பிட்டருக்கு உதவியாளாக இருந்தேன். ஆலையின் பெயர் வேண்டாம். பழம் மிகுதியாக வரும் காலம். இரவும் பகலும் ஆலை ஓடிக்கொண்டிருந்தது. பழத்தைப் பிழியும் இயந்திரத்தின் கியர்பெட்டியில் எண்ணெய் குறைந்திருந்தது. "போய் எண்ணெய் விட்டுட்டு வா" என்றார் போர்மேன். ஸ்டோருக்குப் பின்னால், மழையிலும் வெயிலிலும் நிமிர்ந்து நின்ற பீப்பாயைத் திறந்தேன். பக்கத்தில் கிடந்த வாளி தரை கழுவும் வாளி. அதன் அடியில் தண்ணீர் தங்கியிருந்தது. துடைக்கவில்லை. அதில் எண்ணெய் பிடித்து ஊற்றிவிட்டு வந்துவிட்டேன்.

ஆலையில் எண்ணெய் விடும் வேலையில் பெரியவர் ஒருவர் இருந்தார். இரண்டாம் நாள் எண்ணெய் அளவு காட்டும் கண்ணாடியைப் பார்த்துவிட்டு, "என்ன தம்பி, பால் ஊத்தின தேத்தண்ணி மாதிரி இருக்கு? இத நிப்பாட்டி மாத்தணுமே" என்றார். போர்மேனிடமும் சொன்னார். "பழம் மலையா கிடக்கு, அடுத்த வாரம் பார்ப்போம்" என்று பதில் வந்தது. அடுத்த வாரமும் அதே பதில். எல்லாம் தெரிந்த நான் வாய் திறக்கவில்லை. மூன்றாம் வாரம், ஒரு நள்ளிரவில் அந்தக் கியர்பெட்டி பெருஞ்சத்தத்தோடு நின்றது. பேரிங் நொறுங்கி, அதன் துண்டுகள் பற்சக்கரங்களுக்கிடையில் சிக்கிப் பற்களும் உடைந்திருந்தன.

ஆலையில் இருந்தவை இரண்டே பிழி இயந்திரங்கள். ஒன்று நின்றதால் வேலை பாதியானது. நான்கு நாட்கள் பழக்குலைகள் குவிந்து கிடந்து நாற்றமெடுத்தன. செம்பனைப் பழத்தை வெட்டிய 24 மணி நேரத்துக்குள் வேகவைத்துவிட வேண்டும் என்பார்கள். அடிபட்ட பழத்துக்குள்ளே இருக்கும் ஒரு நொதி, எண்ணெயை உடைத்துக் கொழுப்பமிலமாக மாற்றிக்கொண்டே இருக்கும். அந்த அமிலம் நூற்றுக்கு 5க்கு மேல் போனால் எண்ணெய்க்கு விலை குறையும். ஆலைக்கு நட்டம். ஓவர்டைம் போனதால் லயத்துக் குடும்பங்களுக்கும் நட்டம். எல்லாவற்றையும்விட, "எண்ணெய்க்காரர் கவனிக்கவில்லை" என்று அந்தப் பெரியவருக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்துவிட்டார்கள்.

ஒரு வாரம் எனக்குத் தூக்கமில்லை. பிறகுதான் எஞ்சினியரிடம் போய் உண்மையைச் சொன்னேன். என்னைத் திட்டினார்கள், சம்பளத்தில் பிடித்தார்கள். ஆனால் பெரியவருக்குக் கொடுத்த கடிதத்தைத் திரும்பப் பெறவில்லை. அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். "வாளியப் பார்த்தப்பவே எனக்குத் தெரியும் தம்பி. இனிமே தொடச்சிட்டு ஊத்து" என்றார். அவ்வளவுதான். அதன்பின் இரண்டு ஆண்டுகள் அவர் பின்னாலேயே நடந்து எண்ணெய்த் தொழிலைக் கற்றேன். கீழே எழுதுபவற்றில் பாதி அவர் சொன்னவை. பாதி பின்னாளில் புத்தகங்களில் படித்தவை.

எண்ணெய் என்ன செய்கிறது?

நம் பாட்டன்மார் மாட்டுவண்டி ஓட்டிய காலத்தில் வைக்கோலைக் கரித்து, விளக்கெண்ணெயில் குழைத்து, அச்சில் பூசுவார்கள். அதற்கு மசகு என்று பெயர். இன்றைக்கும் இயந்திர எண்ணெயை மசகெண்ணெய் என்றுதான் சொல்கிறோம். இரும்பும் இரும்பும் உரசினால் சூடேறும், தேயும், கடைசியில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். இரண்டுக்கும் நடுவே நின்று உரசவிடாமல் தடுப்பது மசகு.

எண்ணெய் வெறும் வழவழப்பைத்தான் கொடுக்கிறது என்று வெகுகாலம் எண்ணியிருந்தார்கள். 1883ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் பீச்சம் டவர் என்பவர், ரயில் பெட்டியின் அச்சு சுழலும் பேரிங்கை வைத்துச் சோதனை செய்தார். எண்ணெய் விடுவதற்காகப் பேரிங்கின் மேலே ஒரு துளை போட்டார். அச்சு சுழன்றதும் அந்தத் துளை வழியே எண்ணெய் மேலே பொங்கி வந்தது. தக்கை வைத்து அடைத்தார், தக்கையைத் தள்ளியது. மர ஆப்பு அடித்தார். அதையும் வெளியே தள்ளியது. அப்போதுதான் உண்மை புரிந்தது. சுழலும் அச்சு எண்ணெயைத் தன்னோடு இழுத்துச் சென்று ஓர் ஒடுங்கிய இடத்தில் நெருக்குகிறது. அந்த நெருக்கத்தில் எழும் அழுத்தம் அச்சையும் அதன்மேல் உள்ள பாரத்தையும் தூக்கிப் பிடிக்கிறது. இதற்குரிய கணக்கை 1886இல் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் என்ற பேராசிரியர் எழுதினார். இன்றுவரை பேரிங் செய்பவர்கள் அந்தக் கணக்கைத்தான் பயன்படுத்துகிறார்கள்.

ஆகவே, நன்றாக ஓடும் இயந்திரத்தில் இரும்பு இரும்பைத் தொடுவதே இல்லை, எண்ணெயின்மேல் மிதக்கிறது. அந்த எண்ணெய்ப் படலத்தின் கனம் எவ்வளவு தெரியுமா? நம் தலைமுடியின் கனம் ஏறக்குறைய 70 மைக்ரான். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. குண்டு பேரிங்கில் எண்ணெய்ப் படலம் ஒரு மைக்ரானுக்கும் குறைவாகவே இருக்கும். நம் கண்ணுக்குத் தெரியும் மிகச் சிறிய தூசியே ஏறத்தாழ 40 மைக்ரான். ஆகவே பேரிங்கை அறுக்கிற தூசி கண்ணுக்கே தெரியாது. "பார்க்க சுத்தமாத்தான் இருக்கு" என்று சொல்வது எண்ணெய் விஷயத்தில் செல்லாது.

எந்த எண்ணெய், எந்த இடத்துக்கு?

எண்ணெய்ப் பீப்பாயின்மேல் 46, 68, 220, 320 என்று எண்கள் போட்டிருப்பார்கள். அவை விலையும் இல்லை, தரமும் இல்லை. 40 பாகை செல்சியஸ் சூட்டில் அந்த எண்ணெய் எவ்வளவு கெட்டியாக ஓடுகிறது என்பதைக் காட்டும் அளவு. எண் கூடினால் எண்ணெய் கெட்டி. வேகமாகச் சுழலும் டர்பைனுக்கு 46, 68 போன்ற இளகிய எண்ணெய் வேண்டும். மெதுவாக, பெரும் பாரத்தோடு சுழலும் கியர்பெட்டிகளுக்குப் பெரும்பாலும் 220, 320 போன்ற கெட்டி எண்ணெய் வேண்டும். இயந்திரத்தோடு வந்த கையேட்டில் எந்த எண் சொல்லியிருக்கிறதோ அதையே ஊற்ற வேண்டும். "இது தீர்ந்துடுச்சு, அதை ஊத்து" என்பது கூடாது.

வீட்டுத் தையல் இயந்திரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அவசரத்துக்குச் சமையல் எண்ணெய் விட்ட சகோதரிகள் இருப்பார்கள். முதல் நாள் நன்றாக ஓடும். பிறகு அந்த எண்ணெய் காற்றுப்பட்டுப் பிசினாகி, சக்கரமே சுற்றாது. வேறு எண்ணெயை மாற்றி ஊற்றுவதால் வரும் கேடு ஆலையில் இன்னும் பெரிது. கார் எஞ்சின் எண்ணெயில் அழுக்கைப் பிடித்து வைத்துக்கொள்ளும் மருந்து கலந்திருக்கும். அதையே டர்பைன் எண்ணெயோடு கலந்தால், தனியே பிரிந்து அடியில் தங்க வேண்டிய தண்ணீர் பிரியாமல் எண்ணெயோடு கலந்து நிற்கும். கிரீஸிலும் பல வகை உண்டு. ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாத இரண்டு கிரீஸ் கலந்தால் கூழாக இளகி வழிந்துவிடும்.

எண்ணெயைக் கெடுப்பவை

முதலாவது தண்ணீர். நம் நாட்டில் மழைக்குப் பஞ்சமில்லை. செம்பனை ஆலையிலோ எங்கு பார்த்தாலும் நீராவி. பீப்பாயை நிமிர்த்தி வெளியில் வைத்தால் அதன் தலையில் மழைநீர் தேங்கும். பகல் வெயிலில் உள்ளே இருக்கும் காற்று விரிந்து மூடி இடுக்கு வழியே வெளியேறும். இரவில் குளிர்ந்ததும் காற்று சுருங்கி, மேலே தேங்கிய தண்ணீரை உள்ளே உறிஞ்சும். இறுக்கி மூடிய பீப்பாயும் இப்படித்தான் தண்ணீர் குடிக்கிறது. நான் திறந்த பீப்பாயும் அப்படித் தண்ணீர் குடித்திருந்ததுதான். பீப்பாய்களைக் கூரைக்குக் கீழே வைக்க வேண்டும். வெளியில் வைத்தே ஆகவேண்டும் என்றால் படுக்க வைத்து, இரண்டு மூடிகளும் கடிகாரத்தில் 3 மணி, 9 மணி இருக்கும் இடங்களில் வரும்படி வைக்க வேண்டும். அப்போது மூடிகளின் உட்புறம் எண்ணெய் நிற்கும். காற்றும் தண்ணீரும் நுழையாது.

இரண்டாவது தூசி. எண்ணெய் பிடிக்கும் பாத்திரத்துக்கு மூடி வேண்டும். அதை வேறு எதற்கும் பயன்படுத்தக் கூடாது. புனலைத் துடைக்கப் பஞ்சுக்கழிவு வேண்டாம், அதன் நூல் உதிரும். நூல் உதிராத துணி வேண்டும். கியர்பெட்டியின் மூச்சுக்குழாய் மூடியைத் திறந்து போட்டுவிட்டுப் போகக் கூடாது. கிரீஸ் வைக்குமுன் நிப்பிளைத் துடைக்க வேண்டும். துடைக்காவிட்டால் முதலில் உள்ளே போவது அதன்மேல் இருக்கும் மண்தான்.

மூன்றாவது சூடு. எண்ணெய் அளவுக்கு மேல் சூடேறினால், ஒவ்வொரு 10 பாகைக்கும் அதன் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகும் என்பது பொதுக் கணக்கு. எண்ணெய் குறைந்தால் சூடேறும் என்பது எல்லோருக்கும் தெரியும். கூடினாலும் சூடேறும், பற்சக்கரங்கள் எண்ணெயைக் கடைந்து நுரையாக்கிவிடும். மோட்டார் பேரிங்கில் கிரீஸை வழிய வழிய அமுக்கினாலும் இதே கதைதான். கூட வைத்தால் நல்லது என்று எண்ணிச் செய்கிற இந்தத் தவறு பல மோட்டார்களை எரித்திருக்கிறது.

கண், மூக்கு, காது

கெட்டுப்போகும் எண்ணெய் முன்கூட்டியே சொல்லிவிடும், கேட்கத் தெரிந்தவனுக்கு. பால் கலந்த நிறம் வந்தால் தண்ணீர். கறுத்துப்போய்த் தீய்ந்த வாடை அடித்தால் சூட்டில் கெட்டிருக்கிறது. நுரை நின்றால் அளவு கூடியிருக்கலாம், அல்லது காற்றுப் புகுந்திருக்கலாம். வெளிச்சத்தில் மினுமினுப்புத் தெரிந்தால் இரும்புத் துகள். பட்டறையில் இன்னொரு சோதனை உண்டு. சுட்ட இரும்புத் தட்டில் ஒரே ஒரு சொட்டு விடுவார்கள். கடுகு வெடிப்பதுபோல் படபடவென்று வெடித்தால் எண்ணெயில் தண்ணீர் இருக்கிறது. கண்ணாடி அணிந்து, தெரிந்தவர்கள் செய்ய வேண்டிய சோதனை இது. வீட்டு அடுப்பில் வேண்டாம்.

இப்போது பெரிய ஆலைகள் எண்ணெய் மாதிரியை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புகின்றன. அதில் தண்ணீர் எவ்வளவு, அமிலம் எவ்வளவு, இரும்பு எவ்வளவு, செம்பு எவ்வளவு என்று கணக்கு வரும். இரும்பு ஏறினால் பற்சக்கரம் தேய்கிறது. செம்பு ஏறினால் பித்தளை, வெண்கலப் பாகங்கள் தேய்கின்றன. இயந்திரத்தைத் திறக்காமலே உள்ளே நடப்பதைச் சொல்லிவிடுகிறார்கள். நம் இரத்தத்தைச் சோதித்து நோயைச் சொல்வதைப் போலத்தான். ஆனால் மாதிரி எடுக்கும் கை அழுக்காக இருந்தால் கணக்கும் பொய்யாகும். அந்தக் கை எண்ணெய்க்காரருடைய கை.

இந்த வேலைக்கு இன்னொரு பொறுப்பும் உண்டு. செம்பனை எண்ணெய் மக்கள் உண்ணும் பொருள். பழத்துக்கு மேலே ஓடும் சங்கிலியிலிருந்து இயந்திர எண்ணெய் சொட்டினால் அது சாப்பாட்டில் கலக்கிறது. ஐரோப்பாவில் வாங்குபவர்கள் இதைச் சோதித்துப் பார்க்கிறார்கள். ஆகவே அப்படிப்பட்ட இடங்களுக்கென்று உணவுத்தர எண்ணெய் இருக்கிறது. எந்தப் பீப்பாய் எந்த இடத்துக்கு என்று மறக்காமல் இருக்க வேண்டியவரும் எண்ணெய்க்காரர்தான்.

தம்பிக்குச் சில எச்சரிக்கைகள்

ஓடும் இயந்திரத்தில் கையை விடாதே. நிறுத்து; மின்சாரத்தைத் துண்டித்துப் பூட்டுப் போடு; சாவி உன் சட்டைப் பையில் இருக்கட்டும். "ஒரு நிமிஷ வேலைதானே" என்றவர்களில் விரல் இழந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

அழுத்தத்தில் உள்ள எண்ணெய்க் குழாயில் ஒழுக்கு எங்கே என்று விரலால் தடவிப் பார்க்காதே. ஊசித் துளையிலிருந்து பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே சிறு புள்ளிதான் தெரியும். வலியும் அதிகம் இராது. ஆனால் கையையே எடுக்கும்படி ஆகலாம். கிரீஸ் கன்னும் அப்படித்தான். அப்படி நேர்ந்தால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். காலைவரை காத்திருக்கக் கூடாது.

எண்ணெய்த் துணியைக் கால்சட்டைப் பையில் வைக்காதே. முற்காலத்தில் இங்கிலாந்து பஞ்சாலைகளில் நூற்பு இயந்திர எண்ணெயில் ஆண்டுக்கணக்கில் ஊறிய உடையோடு வேலை செய்தவர்களுக்குத் தோல் புற்றுநோய் வந்தது. 1920களில் அது பெரிய விசாரணையானது. இன்றைய எண்ணெய் நன்றாகச் சுத்திகரிக்கப்படுகிறது. ஆனாலும் பயன்படுத்திக் கழித்த எண்ணெய் தோலுக்கு ஆகாது. கையைப் பெட்ரோலில் கழுவாதே, சவர்க்காரம் போதும். அம்மா, மகனின் வேலை உடுப்பைக் குழந்தைகளின் துணியோடு சேர்த்துத் துவைக்காதீர்கள்.

கழிவெண்ணெயைப் பற்றி எல்லாக் குடும்பங்களுக்கும் ஒரு வார்த்தை. சொறி பிடித்த நாய்க்குக் கருப்பெண்ணெய் பூசுவது நம் லயங்களில் பழைய வழக்கம். அந்த நாய் தன் உடம்பை நக்கி நக்கி நஞ்சைத்தான் உண்ணும். வேண்டாம். சாக்கடையிலும் ஊற்ற வேண்டாம். மலேசியாவின் 2005ஆம் ஆண்டு விதிமுறைப்படி கழிவு மசகெண்ணெய் அட்டவணையிட்ட கழிவுப் பொருள். ஆலைகள் அதைத் தனியே சேர்த்து, குறியீடு ஒட்டி, உரிமம் பெற்றவர்களிடம்தான் ஒப்படைக்க வேண்டும்.

தாயாருக்குப் பதில்

அம்மா, 1966இல் பிரிட்டனில் பீட்டர் ஜோஸ்ட் என்பவர் தலைமையில் ஒரு குழு, உராய்வையும் தேய்மானத்தையும் மசகையும் பற்றி அரசாங்கத்துக்கு அறிக்கை கொடுத்தது. இவற்றைச் சரியாகக் கவனித்தால் அந்த ஒரு நாட்டுக்கு மட்டும் ஆண்டுக்கு 50 கோடி பவுனுக்கு மேல் மிச்சமாகும் என்று கணக்கிட்டது. அதன்பிறகு பல்கலைக்கழகங்களில் இது தனிப் படிப்பாகவே ஆகியிருக்கிறது. கல்யாண வீட்டில் சிரித்தவருக்கு இது தெரிந்திருக்க நியாயமில்லை.

பொய் ஆறுதல் சொல்ல எனக்கு விருப்பமில்லை. அந்த வேலையில் சம்பளம் குறைவு. உடம்பும் உடுப்பும் அழுக்காகும். தவறு நடந்தால் பழி முதலில் அவன்மேல்தான் விழும். அந்தப் பெரியவருக்கு அப்படித்தான் நடந்தது. ஆகவே மகனிடம் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கிக் கொடுங்கள். எந்த நாள், எந்த இயந்திரம், எந்த எண்ணெய், எத்தனை லிட்டர், என்ன நிறம், யாரிடம் சொன்னான் என்று தினமும் எழுதட்டும். பெரியவரிடம் அப்படி ஒரு புத்தகம் இருந்திருந்தால், அவர் முன்பே எச்சரித்தார் என்பதை யாரும் மறுத்திருக்க முடியாது. அந்தப் புத்தகமே உங்கள் மகனுக்குப் பாடப்புத்தகமும் ஆகும். ஈராண்டு எழுதினால் ஆலையின் ஒவ்வொரு இயந்திரத்தின் குணமும் அவனுக்குத் தெரிந்துவிடும். அதன்பின் திறன் சான்றிதழுக்குப் படிக்கலாம், பாய்லர் இயக்கும் தகுதித் தேர்வு எழுதலாம், பிட்டராகலாம்.

இதைவிட நல்ல வேலை கிடைத்தால் தாராளமாகப் போகட்டும். யாரும் தடுக்க வேண்டாம். ஆனால் ஒருவர் சிரித்தார் என்பதற்காக விட வேண்டாம். இன்று இரவு சோறு போடும்போது, "இன்னைக்கு எந்த மெஷினுக்கு எண்ணெய் விட்டே, எப்படி இருந்துச்சு?" என்று கேட்டுப் பாருங்கள், அம்மா. அவன் என்ன சொன்னான் என்று எனக்கு எழுதுங்கள்.